பெயர்த்தமைக்கும் கடைத்தொகுதி: பெயர்வது கடையா, கடைக்காரரா?

கொழும்பு நகரிலே திறந்தவெளி உணவகங்களையும் விற்பனைக்கூடங்களையும் ஒரே வளாகத்துள் அடுக்கி அமைக்கும் வழக்கம் 2010ஆம் ஆண்டின் பின்னர் வேகமாகப் பரவியுள்ளது. கோட்டையிலே ஒல்லாந்தர் காலத்து மருத்துவமனைக் கட்டடம் 2011இல் உணவகத் தொகுதியாக மாறிற்று. பத்தரமுல்லையிலே தியத்த உயன 2012இல் திறக்கப்பட்டது. சுதந்திர சதுக்கத்தின் அருகே, முன்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகமாயிருந்த பழைய கட்டடம் 2014இல் கடைத்தொகுதியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே புறக்கோட்டையில் மிதக்கும் சந்தை திறக்கப்பட்டது. இவ்வரிசையின் அடுத்த படியாக இப்பொழுது புகழப்படுவது அலகுமுறை வளாகமாகும். ஒரே அளவான கூண்டுகளை வேறிடத்திலே செய்து, பாரவண்டியிற் கொண்டுவந்து இறக்கி, பக்கம்பக்கமாகவோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ பொருத்தி, வேண்டாதபோது கழற்றி எடுத்துச் செல்வதே அம்முறை. கூண்டு பெரும்பாலும் கப்பற் கொள்கலனாகவே இருக்கும். இருபதடி நீளம், எட்டடி அகலம், எட்டரையடி உயரம் கொண்ட இரும்புப் பெட்டி. அதன் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, வர்ணம் பூசி, விளக்குச்சரம் தொங்கவிட்டால் கடை ஆயத்தமாகிவிடுகிறது.

முறையிலே குற்றம் காண்பதற்கில்லை. கட்டடம் நிலையானதாயிருக்கவேண்டும், அதுவும் கல்லாலும் சீமெந்தாலும் ஆனதாயிருக்கவேண்டும் என்பது ஒரு பழைய மயக்கம். அது கலைவதால் நட்டமெதுவுமில்லை. குற்றம், எதனை அலகென்று கொள்வது என்பதிலேயே தொடங்குகிறது. வடிவமைப்பவர் பெட்டியை அலகென்று கொள்கிறார். பெட்டியின் அளவு முதலிலே தீர்மானிக்கப்படுகிறது. அதனுள் யார் நிற்பார், எதை விற்பார், எவ்வளவு நேரம் விற்பார் என்பன பின்னர் பார்த்துக்கொள்ளவேண்டியவை ஆகிவிடுகின்றன. அவ்வாறு பார்க்கும்பொழுது பெட்டிக்குப் பொருந்தாதவர் வெளியே நிற்கிறார். கொழும்பில் இவ்வாறு வெளியே நின்றவர்கள் யாரென்பது அனைவரும் அறிந்ததே.

அலகுமுறைக் கடைத்தெரு ஏதோ இலண்டனிலிருந்து நேற்றுக் கப்பலேறி வந்த கருத்தெனப் பேசுவோர் ஆடிவேல் விழாவை ஒருகணமேனும் எண்ணிப் பார்த்தவரல்லர். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் புறப்பட்டு, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வந்து தங்கும் இவ்விழாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரத்தார் நடத்திவந்தனர். விழா நாட்களிலே அப்பகுதியின் இருமருங்கும் ஒரு கடைத்தெரு முளைக்கும். நாலு கம்பு, ஒரு படங்கு, ஒரு பலகை, ஒரு விளக்கு. அதுதான் அலகு. கரும்பு விற்பவர் அதை நிமிர்த்தி வைப்பார். வளையல் விற்பவர் அதே பலகையைச் சரித்து வைப்பார். மஸ்கற் விற்பவர் கண்ணாடிப் பெட்டியை அதன்மேல் ஏற்றுவார். தும்புமுட்டாசுக்காரருக்குப் பலகையும் வேண்டியதில்லை. தமிழர் மட்டுமன்றிச் சிங்களவரும் முஸ்லிம்களும் குடும்பத்தோடு வந்து வாங்கினர். விழா முடிந்ததும் தெரு மீண்டும் தெருவாகிவிடும். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் சில ஆண்டுகள் வேல் ஊர்வலம் தடைப்பட்டிருந்தமையும், அக்கலவரத்தில் வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகள் எரிக்கப்பட்டமையும் மறக்கத்தக்கனவல்ல. ஆயினும் இங்கு நோக்கற்பாலது வேறொன்று. அந்தக் கடைத்தெருவின் அளவை நிர்ணயித்தது விற்பவரின் கையெட்டும் தூரம். இருந்த இடத்திலிருந்தே எல்லாப் பொருளையும் எடுக்கவும், எல்லாவற்றையும் கண்காணிக்கவும், மழை வந்தால் ஒரே ஆளாகச் சுருட்டவும் கூடியதாக அது இருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் ஜூன் 13ஆந் திகதித் திருநாளையொட்டித் தெருவோரம் நிரம்பும் கடலை, இனிப்புக் கடைகளிலும் இதே அளவையே காணலாம்.

பழையன யாவும் பொன்னென்பது இங்கே வாதமன்று. விழாக் கடைத்தெருவில் வடிகால் கிடையாது, கழிப்பறை கிடையாது, மறுநாள் காலையிற் குப்பையை அள்ளுவோர் மாநகரசபைத் தொழிலாளர்களே. சில நாட்களுக்குச் சகிக்கத்தக்கதை ஆண்டு முழுவதற்கும் விதியாக்க முடியாது. வடிவமைப்பாளர் செய்யத்தக்க பணி இந்த இடத்திலேதான் இருக்கிறது. விற்பவர் தாமே கண்டுபிடித்துக்கொண்ட கடையை மீண்டும் கண்டுபிடித்துக் கொடுப்பதில் யாருக்கும் பயனில்லை; தனியொருவராக அவராற் செய்யவியலாத நீர்க்குழாயையும் வடிகாலையும் மின்னிணைப்பையும் கழிப்பறையையும் செய்து கொடுப்பதே பணி. கொழும்பின் புதிய வளாகங்களில் இது தலைகீழாகவே நடந்துள்ளது.

புறக்கோட்டை மிதக்கும் சந்தையை எடுத்துக்கொள்ளலாம். கோட்டைப் புகையிரத நிலையத்துக்கும் பஸ் நிலையங்களுக்கும் அண்மையில், பஸ்தியன் மாவத்தையருகே, பேர வாவியோடு தொடர்புடைய கால்வாயின்மீது ஏறக்குறைய 90 கடைகள் அமைக்கப்பட்டன. சில கடைகள் படகின் வடிவிலேயே நீரில் நின்றன. சுற்றுப்புறத்தில் முன்னர் வியாபாரம் செய்தோர்க்கும் அங்கே இடமளிக்கப்பட்டது. திறப்புவிழாப் படங்களிலே அது தாய்லாந்தைப் போல விளங்கியது. சில ஆண்டுகளுள் கடைகள் பல பூட்டப்பட்டன. நீரின் நாற்றம் பற்றிய முறைப்பாடு ஓயவில்லை. இதற்குப் பராமரிப்புக் குறைவே காரணமெனச் சொல்லிக் கைகழுவிவிடுவது எளிது. ஆனால் பேர வாவியின் நீர் 2014இலேயே நாறாதிருந்ததா? நாறும் நீரின்மேல் உணவுண்ணும் இருக்கையை வரைந்தவர், அந்த நீரை மூக்கினால் அறியாமற் கண்ணினால் மட்டுமே அறிந்திருக்கவேண்டும்.

அதிலும் ஆழமான பிழையொன்றுண்டு. புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரியிடம் வாங்குபவர் உலாவ வந்தவரல்லர். பஸ் புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும், கையிலே பையிருக்கும், பிள்ளைக்கு ஒரு சோடிக் காலுறையோ வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமோ வாங்குவார். கடை அவர் நடக்கும் வழியிலே இருக்கவேண்டும். வழியிலிருந்து இருபது யார் விலகினாலும் அது அவருக்கு இல்லாத கடையே. வியாபாரி இதனை நன்கறிவார். நிழலைவிடவும் கூரையைவிடவும் அவர் முதன்மையாக மதிப்பது காலடிகளின் எண்ணிக்கையையே. மாதிரி வரைபடத்தில் காலடிகளைக் குறிக்கும் வழக்கம் இல்லை. மேலிருந்து பார்த்த காட்சியே அங்கு வரையப்படுகிறது. அந்த உயரத்திலிருந்து பொருள் வாங்குபவர் எவருமில்லை.

இப்பார்வை எங்கிருந்து வந்ததென்பதும் எண்ணத்தக்கது. நகர அபிவிருத்தி அதிகாரசபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்தது. 2010இல் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது; அமைச்சும் பாதுகாப்பு, நகர அபிவிருத்தி அமைச்சு எனப் பெயர் மாறிற்று. போர் முடிந்த மறுவருடம், படையணியை நடத்தும் அமைச்சே நடைபாதையையும் நடத்தலாயிற்று. நகரைத் துப்புரவாக்குதல், அழகுபடுத்துதல் என்ற சொற்கள் அக்காலத்திலே பெற்ற பொருள் இத்தொடர்பினால் வந்தது. அழகென்பது வரிசை, வரிசையிலே நில்லாதது அழுக்கு. 2015 ஆட்சி மாற்றத்துடன் அமைச்சுப் பிணைப்பு நீங்கிற்று. நோக்கும் நீங்கிவிட்டதாகக் கருதுவோர் மாநகரின் எந்தவொரு புதிய வளாகத்திலும் கடலைக்காரர் ஒருவரைத் தேடிப் பார்க்கட்டும்.

திட்டமிடுமுன் ஆராய்வது என்ற நெறி இந்நகருக்குப் புதியதன்று. ஸ்கொட்லாந்தவரான பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையை எழுதியவர். அதற்கு முன்னரே தமிழகம் உட்பட இந்தியாவின் பல நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து கண்டு, இடித்துத் தள்ளுவதினும் இருப்பதை அறிந்து சிறிது சிறிதாகத் திருத்துவதே மேலென வலியுறுத்தினார். கொழும்பைப் பூங்கா நகரென அவர் கண்ட கனவைத் திட்டமிடுவோர் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர்; நடந்து பார்க்கவேண்டுமென்று அவர் சொன்னதை மறந்துவிட்டனர். பூங்காவுக்குப் பணம் ஒதுக்கலாம், நடப்பதற்குக் கால் வேண்டும். கண்டியிலே 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்த மினற் டி சில்வா, அங்கு குடியேறவிருந்த பல இனத்து அரசாங்க ஊழியரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, அவர்களது சமையல், வழிபாடு, வருவாய் என்பனவற்றைக் கேட்டறிந்த பின்னரே வீட்டின் வகைகளை வகுத்தார். இந்நாட்டிலேயே, ஒரு பெண் கட்டடக் கலைஞராற் செய்யப்பட்டது அது. கடை வைப்பவரிடம் அவ்வாறு கேட்பதற்கு எந்த வெளிநாட்டு நிபுணரின் அனுமதியும் தேவையில்லை.

வெளிநாட்டு உதாரணங்களிலே விருப்பமுடையோர்க்கும் உதாரணங்கள் உள. நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரம் 2011 பெப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்தபின்னர், அதே ஆண்டு ஒக்டோபரில் நகர மையத்திலே கொள்கலன்களைக் கொண்டு ஒரு கடைத்தொகுதி எழுப்பப்பட்டது. இடிந்த கடைத்தெரு உயிர்பெறுவதற்கு விரைவாக ஒரு கூரை வேண்டியிருந்தது. பெட்டி அதனைத் தந்தது. நகர் மீண்டெழுந்தபின் 2018இல் அது மூடப்பட்டது. அங்கே தற்காலிகமாயிருந்தது கட்டடம், வியாபாரியல்லர். அதே 2011இன் இறுதியில் இலண்டன் ஷோடிச் பகுதியிலே திறக்கப்பட்ட கொள்கலன் வளாகமோ வேறு வகையினது. வெறுமையாயிருந்த நிலத்தில், குறுகிய காலக் குத்தகையில், நவநாகரிக விற்பனை நிலையங்களுக்காக அது எழுந்தது. கொழும்பில் பின்பற்றப்படுவது இரண்டாவதன் தோற்றமேயன்றி முதலாவதன் நியாயமன்று.

சிங்கப்பூர் இன்னும் அண்மையில் உள்ளது. அங்கே 1968, 1969ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வீதி வியாபாரிகள் பதிவுசெய்யப்பட்டனர்; 1971 முதல் 1986 வரை, படிப்படியாக, நீரும் வடிகாலும் உடைய உணவங்காடிகளுக்கு அவர்கள் மாற்றப்பட்டனர். முதற்றலைமுறையினருக்கு வாடகை சலுகையாகவே விதிக்கப்பட்டது. அந்த அங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்த அரசின் கண்டிப்பும் அடக்குமுறையும் போற்றத்தக்கனவல்ல. வியாபாரி அங்கே விரும்பித்தான் போனார் என்றும் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் எண்ணியபின் கட்டினர் என்பது உண்மை. இந்தியாவிலே 2014இல் இயற்றப்பட்ட தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றலாகாதென்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது வீதத்தினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாயிருக்கவேண்டுமென்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்களாயிருக்கவேண்டுமென்றும் விதிக்கிறது. சட்டப் புத்தகம் வேறு, தெரு வேறு என்பதற்குச் சென்னையே சான்று. தியாகராய நகர்ப் பாண்டி பசாரிலே நடைபாதையில் நின்றவர்களை மாடிக் கட்டடமொன்றுக்கு 2013இல் அனுப்பினர். மாடியேறி வளையல் வாங்குவோர் எத்தனை பேர்? 2019இல் அதே வீதி விரிந்த நடைபாதை வளாகமாக அழகுபெற்றது. நடப்பதற்கு இடம் கிடைத்தது. நடப்பவரை நம்பியிருந்தவர் மாடியில் இருந்தார்.

கொழும்பின் வானிலையையும் பெட்டி அறியாது. இருபதடி இரும்புக் கூண்டினுள் கொத்துரொட்டித் தட்டு எரியுமாயின் அது சூளையாகும். அதைக் குளிரூட்டுவதற்குச் செலவிடும் மின்சாரத்தின் விலை கொத்துரொட்டியின் விலையிலே ஏறும். ஏறியபின் அதை உண்பவர் வேறு வகுப்பினராவர். மெரைன் டிரைவ் ஓரமாயின் உப்புக்காற்று. அங்கே ஜன்னற் கம்பிகள் படும் பாட்டைக் கண்டவர், இரும்புப் பெட்டியின் ஆயுளைக் கணிக்கப் பொறியியல் பயிலவேண்டியதில்லை. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மழையைப் பக்கவாட்டில் வீசும். ஒக்டோபர், நவம்பரில் இடியுடன் கூடிய மழை மாலை நேரத்தையே தேர்ந்தெடுக்கும். உணவுக் கடைக்கு வியாபாரம் தொடங்குவதும் அப்பொழுதுதான். தாழ்ந்த, அகன்ற கூரையும் நாற்புறமும் திறந்த காற்றோட்டமும் இந்நாட்டின் அம்பலங்களும் சந்தைக் கட்டடங்களும் எப்போதோ கண்டுகொண்ட விடை. வெட்டிய கொள்கலனுக்கோ இறப்பு என்பதே இல்லை.

இனி இரண்டு ஊர்கள். கொழும்புத் தமிழர் எனின் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒருமூச்சிற் சொல்லப்படும். கடைத்தெருவின் கணக்கிலே அவை இரு துருவங்கள். வெள்ளவத்தை மாலையில் விழிக்கும் ஊர். காலி வீதியிலிருந்து கடல்நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலெல்லாம் அடுக்குமாடிகள். வீடுகளிலே முதியோரும், வேலையால் களைத்து வருவோரும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரும். மாலையானதும் இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல் என்பன பொதிகளாக விற்பனையாகும். அவற்றை அவித்து அனுப்புவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கடையின் பெயர்ப்பலகையில் அவர்களில்லை. கொட்டாஞ்சேனையோ விடியுமுன் விழிக்கும் ஊர். துறைமுகத்துக்கும் புறக்கோட்டைப் பண்டகசாலைகளுக்கும் செல்லும் தொழிலாளருக்கு ஐந்து மணிக்கே தேத்தண்ணீரும் ரொட்டியும் வேண்டும். ஜெம்பட்டா வீதியிலும், ஐந்துலாம்புச் சந்திப் பக்கத்திலும், தோட்டங்களென வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளின் வாயில்களிலும், வீட்டின் முன்படியே கடை. அப்பம் சுடும் அடுப்பு வாசலில், அரிசி ஊறும் பானை உள்ளே, பிள்ளை நடுவிலே.

அந்த வாசலை இழந்தவர்கள் நிலை யாதாயிற்று என்பது வடகொழும்பின் தோட்டங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டோர் வாழ்விலே தெளிவாகத் தெரிந்தது. சுவர் உறுதியானது, கழிப்பறை தனியானது. இவை சிறிய நன்மைகளல்ல. ஆனால் வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண் பன்னிரண்டாம் மாடியிலே யாருக்குச் சுடுவார்? மின்தூக்கி பழுதாகும் நாளில் மாவை யார் சுமப்பார்? வீட்டை வரைந்தவர்கள் வாசலை வருமானமாக எண்ணவில்லை. 1984இல் அன்றைய பிரதமர் ஆர். பிரேமதாசவின் பெயரோடு தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திலே, எத்தனையோ அரசியல் விளம்பரத்துக்கு நடுவிலும், தோட்டவாசிகள் கூடியிருந்து தம் ஒழுங்கையின் அகலத்தையும் குழாயின் இடத்தையும் தாமே பேசித் தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. சிறு கடன் பெற்று, இவ்வாண்டு ஒரு சுவர், அடுத்த ஆண்டு ஒரு கூரை என வீட்டை வளர்த்தனர். அலகுமுறை என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுவோர் அங்கே தேடலாம்.

நடைபாதை நடப்பவருக்கே என்பது எதிர்வாதம். அது நேர்மையான வாதம். வெள்ளவத்தையிலே ஊன்றுகோலுடன் வரும் முதியவர் பழக்கூடையைச் சுற்றிக் காலி வீதிக்குள் இறங்க நேர்கிறது. பஸ்ஸோ அவருக்காக நிற்பதில்லை. ஆகவே இடம் வகுக்கப்படத்தான் வேண்டும். ஆனால் இவ்வாதத்தை உரத்துப் பேசும் கனவான்கள், நடைபாதையின்மேல் ஏறி நிற்கும் மோட்டார் வாகனங்களைப் பற்றியும், படிக்கட்டை நடைபாதைவரை நீட்டிய பெருங்கடைகளைப் பற்றியும் பேசக் கேட்டவர் அரியர். ஆறடி இடத்தை அடைத்தவர் குற்றவாளி. பதினாறடியை அடைத்தவர் வாடிக்கையாளர். சுகாதார வாதமும் இத்தகையதே. கைகழுவ நீர் கொடுக்காமல் கை அழுக்கென்று சொல்வதில் என்ன நியாயம் உண்டு?

வெள்ளவத்தையின் தமிழ் நடுத்தர வர்க்கம் இவ்விடயத்தில் நடந்துகொள்ளும் விதம் தனியே சொல்லப்படவேண்டியது. மாலையில் அதே நடைபாதையிற் பேரம் பேசி முருங்கைக்காய் வாங்கி, இரவில் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்திலே நடைபாதை வியாபாரத்தால் ஊரின் மதிப்புக் குறைகிறதென முறையிடுவதற்கு அது கூசுவதில்லை. மதிப்பென்பது இங்கே நிலத்தின் விலை. இவ்வர்க்கத்திற் பெரும்பகுதியினர் 1983இன் பின்னரும் போர்க்காலத்திலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒரு பெட்டியுடன் வந்திறங்கியவர்கள். லொட்ஜ் அறைகளில் வாழ்ந்தவர்கள். பொலிசுப் பதிவுக்காக வரிசையில் நின்றவர்கள். 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டனர். கொழும்பிலே தங்குவதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தற்காலிகமானவர் என்ற முத்திரை ஒருவர்மேல் குத்தப்பட்டால் அவரை எந்த நேரத்திலும் பெயர்த்தெடுக்கலாம் என்பதை இவ்விரு ஊரவர்க்கும் எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. பதுளையிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்து பழம் விற்கும் இளைஞன் இதே நகரத்தில் அதே கேள்விக்கு இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்: உனக்கு இங்கே என்ன அலுவல்?

அலகுமுறை வளாகத்தின் உள்ளே இக்கேள்வி ஒப்பந்த வடிவில் ஒளிந்திருக்கிறது. கட்டடம் கழற்றத்தக்கது என்பதால் குத்தகையும் குறுகியதாகிறது. குத்தகை குறுகியதால் வியாபாரி கடன் பெறமுடிவதில்லை. கடன் இல்லாததால் முற்பணம் கட்டக்கூடிய நிறுவனமே பெட்டியைப் பெறுகிறது. ஈராண்டின்பின் நிலத்தின் விலை ஏறும்போது பெட்டிகள் பாரவண்டியேறும். எளிதாகக் கழற்றலாம் என்ற சிறப்பு யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்டால், ஒருபோதும் அது கடைக்காரரின் கையில் இல்லை. (இவ்வளாகங்களின் பெயர்ப்பலகைகளைத் தமிழிலே வாசிக்க முயல்வோர் படும் துன்பம் வேறு. ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதுவதற்கே மனமில்லாத இடத்தில், எழுதியதும் பிழையாகவே இருக்கிறது.)

வரைவோர் செய்யவேண்டியது வரிசையை மாற்றுவதே. நிலத்திலே நிலையாகப் பதிக்கப்படவேண்டியவை நீர்க்குழாய், கொழுப்பைப் பிரித்தெடுக்கும் தொட்டியுடன் கூடிய வடிகால், மின்னிணைப்பு, எரிவாயு உருளை வைக்கும் பாதுகாப்பான இடம், கழிப்பறை, பொதுக்கூரை. அசையவேண்டியது கடை. ஆறடிக்கு நாலடி என்ற அளவில் ஒரு தளத்தைக் குறித்து, அதில் ஒருவர் தமது தள்ளுவண்டியையோ பலகையையோ கொண்டுவந்து பொருத்திக்கொள்ளட்டும்; வியாபாரம் வளர்ந்தால் அயலிலுள்ள தளத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும்; காலையில் அப்பம் விற்பவரும் மாலையில் கொத்துரொட்டி விற்பவரும் ஒரே தளத்தை நேரம் பிரித்து ஆளட்டும். வாடகை நாளுக்கு நாள் கட்டத்தக்கதாயும் பற்றுச்சீட்டு உடையதாயும் இருக்கட்டும். பற்றுச்சீட்டில்லாமல் நிற்பவர், அதட்டுபவர் எவருக்கும் காசு கொடுக்கவேண்டியவராகிறார். தளத்துக்குரியவர் பெயரிலே, குறைந்தது ஐந்தாண்டுக்குக் கைவிடப்படாத உரிமைப்பத்திரம் இருக்கட்டும். அவரைப் பெயர்க்க வேண்டின் அதே வீதியில், அதே காலடிகள் விழும் இடத்தில் மாற்றுத்தளம் கொடுத்தபின்னரே பெயர்க்கலாம் என்ற நிபந்தனையுடன். இருக்கைகள் எதையும் வாங்காதவரும் அமரத்தக்கனவாக இருக்கட்டும். காலிமுகத்திடலை 1850களில் ஒழுங்குசெய்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதனைப் பின்வருவோர் பேணவேண்டுமெனக் கல்லிலே பொறித்து வைத்தார். காலனியாதிக்கத்தின் பிரதிநிதி ஒருவர் கட்டணமின்றி விட்டுச்சென்ற திறந்தவெளியிலே இறால் வடையை வாங்கியும் வாங்காமலும் ஏழையும் அமரமுடிந்தது. சுதந்திரத்தின் பின்வந்தவர் கட்டும் வளாகத்தில் அமர்வதற்கு உணவுப்பட்டியலைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கழிப்பறையைப் பட்டியலின் நடுவிற் சொல்லிவிட்டுப் போவது நீதியாகாது. நடைபாதையிற் காலையிலிருந்து இரவுவரை கீரையும் தேசிக்காயும் விற்கும் பெண்கள், எங்கும் செல்ல வழியில்லாமையால் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். அருகிலுள்ள உணவகம் தன் வாடிக்கையாளருக்கே கதவைத் திறக்கும். வெயிலில் பத்து மணித்தியாலம் நின்று தாகத்தை அடக்கும் அந்த உடலைக் கருத்திற் கொள்ளாத வரைபடம், அதன் விளக்குச்சரங்கள் எத்துணை ஒளிர்ந்தாலும், கடைத்தெருவின் வரைபடமன்று.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. வெள்ளவத்தைக்கு வேண்டியது மாலை நேரத்துப் பொதிச்சோற்றை இறக்கி ஏற்றும் இடமும், கடற்காற்றைத் தாங்கும் மரச்சட்டமும், ஊரின் தெற்கெல்லையிலுள்ள வாய்க்காலுக்குள் எண்ணெய்க் கழிவை விடாத தொட்டியும். கொட்டாஞ்சேனைக்கு வேண்டியது விடியற்காலை வெளிச்சமும், அடுப்புப் புகை அயல்வீட்டுக்குள் போகாத புகைபோக்கியும், தோட்டத்தின் வாயிலிலிருந்து பிள்ளையைக் கண்ணாற் காணத்தக்க தூரமும். இவற்றை அறிய நீண்ட ஆய்வு வேண்டியதில்லை. வரைபவர் ஒரு வாரம் அதிகாலை ஐந்து மணிக்கு ஜெம்பட்டா வீதியிலும், மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் காலி வீதியிலும் நின்று, யார் எங்கே எத்தனை அடி இடத்தில் எதை விற்கிறார் எனப் பெயரோடும் அளவோடும் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலிலே உள்ள அத்தனை பெயருக்கும் வரைபடத்தில் ஒரு தளம் குறிக்கப்படும்வரை, மாநகரசபையும் அதிகாரசபையும் எந்தப் பெட்டிக்கும் அனுமதி வழங்கலாகாது.